வேலிக்கு வெளியே நின்றவள்

வெல்பர்ன், ஒஹையோ
மார்ச் 4, 1998

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் இந்தக் குளிரைத் தாங்குகிறதா? ஓக்லாந்தில் குளிர் என்று ஒன்று உண்டா என்பதே எனக்குச் சந்தேகம். இங்கே நேற்றுவரை பனி கொட்டியது. என் இரத்த அழுத்தம் மருத்துவர் சொன்ன எண்ணில் அடக்கமாக இருக்கிறது. வாய்தான் அடங்கவில்லை. அதனால் வந்த வினையை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சமைக்கிற பள்ளியில் போன மாதம் இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பையன் நம் கறுப்பினப் பையனை ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். எந்த வார்த்தை என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒரு கலந்துரையாடல் வட்டம் ஆரம்பித்திருக்கிறார்கள். செவ்வாய்தோறும் மாலையில் நூலக மாடியில் பன்னிரண்டு பேர், பாதி நாம், பாதி அவர்கள், வட்டமாக உட்கார்ந்து நிறவெறியைப் பற்றிப் பேச வேண்டும். "இந்த ஊர்ல எவனும் எவன் மூஞ்சியையும் பாத்துப் பேசறதில்ல" என்று நூலகர் மார்கிட்டிடம் நான் எப்போதோ சொல்லியிருந்தேன். அதையே பிடித்துக்கொண்டு என்னையும் சேர்த்துவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நடத்துபவர்கள் இரண்டு பேர். ஒருத்தி மார்கிட், வெள்ளைக்காரி. இன்னொருவர் ராஸ்கோ, நம்மவர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சுவரில் கொட்டை எழுத்தில் மூன்று விதிகள் ஒட்டியிருக்கின்றன. கையில் மரக்கரண்டி இருப்பவர் மட்டும் பேசலாம். அவரவர் கதையை மட்டும் சொல்லலாம். அங்கே பேசியதை வெளியே கொண்டுபோகக் கூடாது. மூன்றாவதை இப்போதே மீறிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொன்னால் அது வெளியே சொன்னதாகுமா?

ஆளுக்கொரு பலகாரம் கொண்டுபோக வேண்டும். நான் சுட்டுக் கொண்டுபோன சர்க்கரைவள்ளிக் கிழங்கு இனிப்பு பத்து நிமிடத்தில் காலி. லூவான் ஹாஃப்மன் என்ற ஒருத்தி பச்சை ஜெல்லிக்குள் கேரட்டைத் துருவிப் போட்டு எடுத்து வந்திருந்தாள். அதையும் ஒரு கரண்டி வாங்கி மென்று முழுங்கினேன். இன ஒற்றுமைக்கு ஒருத்தி இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? அவளுடைய தாத்தாதான் அந்தக் காலத்தில் ஏரிக்கரைப் பூங்காவின் வாசலில் சீட்டுக் கிழித்தவராம்.

மருந்தை வேளைக்குச் சாப்பிடு. உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி.

உன் தங்கை,
வெர்னிஸ்


ஓக்லாந்து, கலிஃபோர்னியா
மார்ச் 16, 1998

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் பரவாயில்லை. படி ஏறும்போது மட்டும் அதற்கு என்மேல் கோபம். முப்பது வருடம் தபால் நிலையத்தில் நின்றுகொண்டே கடிதம் பிரித்த கால், இப்போது உட்காரச் சொன்னாலும் முணுமுணுக்கிறது. நீ உப்பைக் குறை. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைப்பதை நீயும் தின்றால் இரத்த அழுத்தம் எங்கே அடங்கும்?

உன் வட்டத்தைப் பற்றிப் படித்துச் சிரித்தேன். எழுபதுகளில் எங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று நடத்தினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒரு வெள்ளைக்காரி அழுவாள். எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவருவது என் வேலையாகிவிட்டது. நாலாவது கூட்டத்தோடு நின்றுகொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். அவர்கள் உன்னிடம் கதை கேட்பார்கள். வலிக்கிற கதையாகக் கேட்பார்கள். உன்னிடம் என்ன இருக்கிறது? மாவில் புரட்டி எடுத்த மாதிரி நிறம் உனக்கு. எத்தனை பேர் உன்னை இத்தாலிக்காரி என்று நினைத்துப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மாவே "இவ எங்கேருந்துடி வந்தா" என்று என்னைக் கேட்பாளே. கதை இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு ஜெல்லியைச் சாப்பிடு.

வேறு விசேஷம் இல்லை. குளிரில் வெளியே போனால் தலையை மூடிக்கொள்.

உன் அக்கா,
அர்லீத்தா


வெல்பர்ன்
ஏப்ரல் 9, 1998

அன்புள்ள அக்கா,

நீ சொன்னபடி உப்பைக் குறைத்துவிட்டேன். சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை. வாசலில் மஞ்சள் பூக்கள் தலைகாட்டிவிட்டன. உன் முழங்காலுக்குத் தைலம் ஏதாவது தடவிப் பார்த்தாயா?

செவ்வாயன்று கரண்டி என்னிடம் வந்தது. பேசினேன். ஏதோ சின்ன வயது விஷயம். அங்கே பேசியதை வெளியே சொல்லக் கூடாது என்பதால் எழுதவில்லை. சிலர் கண் கலங்கினார்கள். தண்ணீர் நான் கொடுக்கவில்லை, நீ கவலைப்படாதே.

கூட்டம் முடிந்ததும் நம்மவர் ஆறு பேரும் கீழே ராஸ்கோவின் கார் பக்கத்தில் கால் மணி நேரம் நிற்போம். மாடியில் சொல்லாமல் விட்டதெல்லாம் அங்கேதான் வெளியே வரும். "இதுதான் நெசக் கூட்டம், மேல நடக்கறது ஒத்திகை" என்பார் ராஸ்கோ. இந்த வாரம் மட்டும் நான் தலைவலி என்று சொல்லி நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏரிக்கரைப் பூங்காவின் குடைராட்டினத்தைச் சரி செய்கிறார்கள். லூவான்தான் அந்தக் குழுவில் முன்னால் நிற்கிறாள். குதிரைகளுக்குப் புது வண்ணம் அடித்து ஜூனில் திறக்கிறார்களாம். உனக்குத் தெரியட்டும் என்று எழுதினேன்.

தலைவலி இப்போது இல்லை. நீ நலமாக இரு.

உன் தங்கை,
வெர்னிஸ்


ஓக்லாந்து
மே 4, 1998

வெர்னிஸ்,

நான் நலம். நம் பழைய பக்கத்து வீட்டு யூலா ஒரு செய்தித் துண்டை அனுப்பியிருந்தாள். வெல்பர்ன் வாரப் பத்திரிகையில் வந்தது. உன் படமும் இருக்கிறது. பெருமையாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாள்.

படித்தேன். 1951 ஆகஸ்டில் பத்து வயது வெர்னிஸ் மஞ்சள் கவுன் போட்டுக்கொண்டு ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போனாள். கறுப்புக் குழந்தை என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். மூன்று மணி நேரம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குடைராட்டினத்தைப் பார்த்தபடி நின்றாள். ஜூன் 20ஆம் தேதி திறப்பு விழாவில் அவளைத்தான் முதல் குதிரையில் ஏற்றப் போகிறார்கள். கலந்துரையாடல் வட்டத்தின் ஏற்பாடு.

வேலிக்கு வெளியே நின்றவள் நான். எனக்குப் பதினான்கு வயது. நீ குதிரை மேல் இருந்தாய்.

மற்றதெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாய். கவுனின் நிறம்கூட. கம்பி கையைச் சுட்டது என்பதை நான் உன்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன், அம்மாவை அடக்கம் செய்த அன்று. அதையும் சேர்த்திருக்கிறாய்.

தக்காளி நாற்று நட வேண்டும். நிறுத்துகிறேன்.

அர்லீத்தா


வெல்பர்ன்
மே 10, 1998

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கை கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அன்று எனக்கு முன்னால் கரண்டி லூவானிடம் இருந்தது. அவள் தன் தாத்தாவைப் பற்றிப் பேசினாள். "எங்க தாத்தா பதினெட்டு வருஷம் அந்த வாசல்ல நின்னாரு. ஒரு கொழந்தையக்கூடத் திருப்பி அனுப்பினதில்ல" என்றாள். சொல்லிவிட்டுக் கரண்டியை என் கையில் கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்கா நின்றாள் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். எதிரே சுவரில் 'அவரவர் கதையை மட்டும் சொல்லவும்' என்று இருக்கிறது. பதினொரு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் நின்னேன்" என்று வந்துவிட்டது. முதல் வாக்கியம் அப்படி வந்தபிறகு மற்றவை அதன் பின்னாலேயே வந்துவிட்டன. லூவான் விக்கி விக்கி அழுதாள். அடுத்த வாரமே அவள் இந்தத் திறப்பு விழா யோசனையோடு வந்தாள். பத்திரிகையில் போடலாமா என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று தினமும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ராஸ்கோவுக்கு அப்போதே சந்தேகம். அடுத்த வாரம் கார் பக்கத்தில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டார்: "வெர்னிஸம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க நெறத்துக்கு அந்த ஆளு உங்கள எதுக்கு நிறுத்தினான்?" நான் கார்ச் சாவியைத் தேடுவதுபோல் கைப்பையைக் குடைந்துகொண்டிருந்தேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜூன் 20க்குள் வட்டத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என்னைத் திட்டி நாலு வரி எழுது. நீ எழுதாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை,
வெர்னிஸ்


வெல்பர்ன்
ஜூன் 3, 1998

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாகத் தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கேட்கிறேன். அவர் இப்போது என்னைக் கண்டாலே தூரத்திலிருந்து தலையை ஆட்டிவிடுகிறார். உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் வீட்டுக்கு ஃபோன் செய்யக் கை போகிறது, பிறகு வைத்துவிடுகிறேன்.

நேற்று சொல்லிவிட்டேன். வேலிக்கு வெளியே நின்றது நானில்லை, என் அக்கா என்று. நம்மவர்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பொய்யால் இனி அவர் சொல்லும் கதையையும் சந்தேகப்படுவார்கள், அது எனக்குப் புரிந்தது. அப்புறம் லூவான் கரண்டியை வாங்கி, "அப்ப உங்க அக்காவ வரவழைப்போம். அவங்களே முதல் குதிரையில ஏறட்டும்" என்றாள். எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கும்தான். இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று நினைத்தேன்.

கரண்டி மறுபடி என்னிடம் வந்தபோது மார்கிட் கேட்டாள்: "அது உங்க அக்காவோடது, சரி. உங்களோடது எது, வெர்னிஸ்?" நான் கரண்டியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

நீ வருகிறாயா, அக்கா? பயணச் செலவை வட்டமே ஏற்கிறது. என் அறையை உனக்கு ஒழித்துத் தருகிறேன்.

பதிலை எதிர்பார்த்துக்கொண்டே இருக்கும்,
வெர்னிஸ்


ஓக்லாந்து
ஜூன் 9, 1998

வெர்னிஸ்,

உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுதப் பிடிக்கவில்லை, அதனால் எழுதவில்லை.

நான் வரமாட்டேன். அறுபத்தொரு வயதில் மரக்குதிரையில் உட்கார்ந்து ஊர் கைதட்டுவதைக் கேட்க எனக்கு ஆசையில்லை. உன் வட்டத்திடம் நன்றி என்று சொல்லிவிடு.

அந்த நூலகக்காரி சரியான கேள்வி கேட்டிருக்கிறாள். எனக்கும் அதுதான் வேண்டும். அன்று உள்ளே என்ன நடந்தது என்று நாற்பத்தேழு வருடத்தில் நீ ஒரு நாளும் சொன்னதில்லை. குதிரை சுற்றி வரும்போது மட்டும் உன்னைப் பார்த்தேன். முதல் சுற்றில் கையாட்டினாய். அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். வெயில் கண்ணில் படுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வெயில் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. உன் முதுகுப் பக்கம்.

எழுதுவதானால் அதை எழுது. இல்லையென்றால் இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதிக்கொண்டிரு.

அர்லீத்தா


வெல்பர்ன்
ஜூன் 17, 1998

அக்கா,

நேற்று வட்டத்தில் சொன்னதை உனக்கு எழுதுகிறேன். உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அதற்குத் தைரியம் வரவில்லை.

வாசற்காரர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். உன்னிடம், "நீ இங்கயே நில்லு. உன் சின்ன எஜமானியம்மாவ உள்ள நாங்க பாத்துக்கறோம்" என்றார். என்னை வெள்ளைக்காரக் குழந்தை என்றும், உன்னை என்னைக் கூட்டிவந்த வேலைக்காரி என்றும் நினைத்துக்கொண்டார். நீ உன் காசையும் என் கையில் திணித்து, "போ. எனக்கும் சேத்துச் சுத்திட்டு வா" என்றாய். இதுவரை உனக்குத் தெரியும்.

என் பக்கத்துக் குதிரையில் ஒரு வெள்ளைக்காரச் சிறுமி. தலையில் சிவப்பு ரிப்பன். குதிரை உன் பக்கம் வந்தபோது நீ கையாட்டினாய், நானும் ஆட்டினேன். அடுத்த சுற்றில் அவள் கேட்டாள்: "யாரு அது, உன்னப் பாத்துக் கையாட்டறது?"

நான் சொன்னேன்: "எங்க வீட்டு வேலைக்காரப் பொண்ணு."

என்னை யாரும் மிரட்டவில்லை, அக்கா. யோசிக்கக்கூட இல்லை, பட்டென்று சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, அவள் அம்மாவிடம் சொல்லி எனக்கும் சோளப்பொரி வாங்கிக் கொடுத்தாள். இன்னும் இரண்டு தடவை அவர்களோடு ஏறினேன். உன் பக்கம் வரும்போதெல்லாம் குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன். நீ விடாமல் கையாட்டிக்கொண்டிருந்தாய். மூன்று மணி நேரமும் நான் உன்னைக் காத்திருக்க வைத்தது சுற்றும் ஆசையால் அல்ல. வெளியே வந்தால் அவர்கள் முன்னால் உன் கையைப் பிடிக்க வேண்டும். அவர்கள் போகட்டும் என்று இருந்தேன்.

இதை அப்படியே சொன்னேன். இந்தத் தடவை யாரும் அழவில்லை. லூவான் எழுந்துவந்து, "பத்து வயசுப் புள்ள நீங்க, பாவம், உங்களுக்கென்ன தெரியும்" என்று என்னைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். ராஸ்கோ கரண்டி இல்லாமலேயே பேசினார். "உக்காருங்க லூவான். ரொம்ப வருஷம் கழிச்சு ஒருத்தர் தன்னோடத எடுத்து வச்சிருக்காரு. அத உடனே துடைச்சுப் போட்டுறாதீங்க" என்றார். அவள் உட்கார்ந்துவிட்டாள். கீழே கார் பக்கத்தில் அவர் வழக்கமான கேலி எதுவும் பேசவில்லை. என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

குதிரையில் ஏறமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்திரிகைக்கும் திருத்தம் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. பத்து வயதிலிருந்தே வெட்கமாக இருக்கிறது. உன் கதையைத் திருடியதுகூட இதை மூடி வைக்கத்தான் என்று இப்போது தெரிகிறது. இனி என்னைத் தங்கை என்று நீ எழுத வேண்டுமா என்பதை நீயே முடிவு செய்.

வெர்னிஸ்


வெல்பர்ன்
ஜூன் 29, 1998

அக்கா,

பதில் கேட்டு எழுதவில்லை. நடந்ததை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

திறப்பு விழா முடிந்தது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத்தான் முதலில் ஏற்றினார்கள், அடித்துக்கொண்ட அந்த இரண்டு பையன்களையும் சேர்த்து. லூவான் வாசலில் நின்று சீட்டுக் கிழித்தாள். வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரரிடமும், "இதே எடத்துல எங்க தாத்தா நின்னாரு. கறுப்புக் கொழந்தைங்கள உள்ள விட்டதில்ல" என்று சொல்லிச் சொல்லித்தான் சீட்டுக் கொடுத்தாள். சிலர் முகம் சுளித்துக்கொண்டு போனார்கள். அவள் நிறுத்தவில்லை. ஜெல்லியைப் பற்றி இனி அவளைக் கேலி செய்ய மாட்டேன்.

பத்திரிகையில் திருத்தம் வந்துவிட்டது. யூலா என்னோடு பேசுவதில்லை. வட்டம் கோடைக்குப் பிறகு, செப்டம்பரில் மறுபடி கூடுகிறது. நான் போவேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

வெர்னிஸ்


ஓக்லாந்து
ஜூலை 20, 1998

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை நான்கு வாரம் மேசை இழுப்பறைக்குள் வைத்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் வாயில் வராத வார்த்தையெல்லாம் பேனாவில் வந்தது. அவற்றைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

நீ அன்று சொன்னது எனக்குக் கேட்கவில்லை. குடைராட்டினத்தின் பாட்டுச் சத்தம். இப்போது கேட்டுவிட்டது. வலிக்கவில்லை என்று எழுதினால் நானும் கதை கட்டுகிறேன் என்று அர்த்தம். வாசற்காரர் என்னை வேலைக்காரி என்றதை நான் எப்போதோ மறந்துவிட்டேன். அவர் எனக்கு யாரோ. நீ யாரோ இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் நம் இரண்டு பேரையுமே உள்ளே விடவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். உன்னை மட்டும் விட்டார்கள் என்று தெரிந்தால் அவள் மனம் உடைந்துபோயிருக்கும். அந்தப் பொய் என்னுடையது. அதை நானும் எங்காவது இறக்கி வைக்க வேண்டும்.

அக்டோபர் 10, சனிக்கிழமை, மாலை மூன்று மணிப் பேருந்தில் வெல்பர்ன் வருகிறேன். பயணச் செலவு என்னுடையது. பத்து நாள் இருப்பேன். குதிரையில் ஏறமாட்டேன். செவ்வாயன்று உன் வட்டத்துக்கு வருவேன். என்னுடையதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

முழங்கால் அப்படியே இருக்கிறது. நீ இரத்த அழுத்தத்துக்கு மருந்தை நிறுத்திவிடாதே.

பேருந்து நின்றதும் நான் ஜன்னலிலிருந்து கையாட்டுவேன். அந்த நிறுத்தத்தில் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். யாராவது உன்னிடம், யார் அது, உன்னைப் பார்த்துக் கையாட்டுவது என்று கேட்பார்கள். கொஞ்சம் உரக்கவே சொல். என் இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை.

உன் அக்கா,
அர்லீத்தா